கரிநாள் ஞாயிறு

"தம்பிக்கு லீவே பத்து நாள்தாங்க. அவன் மடியில ஒக்கார வச்சுத்தான் சத்யாவுக்குக் காது குத்தணும். வெர்ஷன் மாத்துறத அடுத்த வாரம் வச்சுக்கிறேன்."

"சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் என்னங்கிறான்?"

"பழச நம்பாதீங்க, சீக்கிரம் மாத்துங்கங்கிறான். ரெண்டு வருசமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கான்."

"ரெண்டு வருசம் ஓடுனது ஒரு வாரம் ஓடாதாக்கும். குடியா முழுகிப்போகுது? மொதல்ல புள்ளைக்குக் காதக் குத்து."

அவ்வளவுதான் பேச்சு. போன வருடம் தை மாதம், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அடுப்படி வாசலில் நின்று பேசியது. ரகுநாத் டிபன் பாக்ஸுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தான். வலது கையின் இரண்டு விரல்களில் அதை இழுத்துப் பிடித்து, ஒரே சுண்டில் மூடிமேல் மாட்டினான். அந்தச் சுண்டின் சத்தம்கூடக் கலைமதிக்கு நினைவிருந்தது. ஒரு வருடமாக அந்தப் பேச்சை அவள் தனக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் நிற்கும்போது, அரிசி களையும்போது, மகள் சத்யாவின் தலையில் பேன் பார்க்கும்போது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வரியை மாற்றிப் பார்ப்பாள். 'ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டு வந்துடறேன்' என்று அவள் சொல்லியிருந்தால். 'வேணாம், மாத்திட்டே போ' என்று அவன் சொல்லியிருந்தால். எப்படி மாற்றினாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். தள்ளிப்போட்டவள் அவள்.

புதுக்கோட்டையில் எண்பது படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை அது. அங்கே கணினிப் பிரிவுக்குக் கலைமதி பொறுப்பு. பிரிவு என்று பெயரே தவிர, ஆள் அவள் ஒருத்திதான். ரகுநாத் அதே மருத்துவமனையின் லேப் டெக்னீசியன். அவர்கள் கல்யாணமே அங்கே முளைத்ததுதான். லேப் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று வாரத்துக்கு மூன்று முறை அவளைக் கூப்பிடுவான். பிரிண்டரில் கோளாறே இல்லை என்று அவள் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. கண்டுபிடித்த பிறகும் கூப்பிட்டபோதெல்லாம் போனாள்.

நோயாளியின் பெயர், ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, எந்தப் படுக்கை, எந்த ஊசி எத்தனை மணிக்கு என்று அந்த மருத்துவமனைக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருந்தது. அதை நடத்தும் மென்பொருள் பழைய வெர்ஷன். ஒரே சமயத்தில் நிறையப் பேர் பதிந்தால், குறுகலான சந்தில் எதிரெதிரே வந்த லாரிகள் மாதிரி ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நின்றுபோகும். புது வெர்ஷனில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் மாற்றுவதற்கு ஐந்தாறு மணி நேரம் மொத்தத்தையும் நிறுத்தி வைக்க வேண்டும்.

கந்தர்வக்கோட்டையில் காது குத்தி மொட்டை போட்டுத் திரும்பிய மூன்றாம் நாள், புதன்கிழமை, அது நின்றது. அன்றைக்கு ஒரு ஊரில் ஜல்லிக்கட்டு. பதினோரு மணிக்குள் இருபத்திமூன்று பேர் வந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் அடிக்கும் சீட்டு இல்லாமல் ரத்தப் பையை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது என்பது அந்த மருத்துவமனையில் கல்வெட்டு மாதிரி இருந்த விதி. முன்பு ஒருமுறை பை மாறிப்போனதால் வந்த விதி. இருபது நிமிடம் சீட்டு வரவில்லை. விலாவில் குத்துப்பட்ட ஒரு பையன், இருபத்திரண்டு வயது, அந்த இருபது நிமிடத்துக்குள் இறந்துபோனான். ரத்தம் ஏற்றியிருந்தாலும் பிழைத்திருப்பானா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. அவனுடைய ஆட்கள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் இல்லை. லேப் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்து, ரகுநாத்தின் வலது கையைச் சோதனைக் குழாய் மேசையின் விளிம்பில் பிடித்து வைத்து, சின்ன ஆக்சிஜன் சிலிண்டரால் மூன்று முறை அடித்தார்கள். "சீட்டு வந்தாத்தான் எடுத்துக் குடுப்பியோ. இனிமே எந்தக் கையால எடுக்குறேன்னு பாக்குறோம்." கலைமதி அடுத்த அறையில் சர்வரை அணைத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது அடிக்கு அவன் கத்தவில்லை. அதற்குள் மயங்கியிருந்தான்.

இரண்டு ஆபரேஷன். மூன்று விரல்கள் இனி மடங்காது என்றார்கள். ஊசி குத்தி ரத்தம் எடுப்பதில் ஊரிலேயே பெயர் வாங்கிய கை. குழந்தைகள்கூட அவனிடம் அழாமல் கையை நீட்டும். அவனை வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டான்.

இதில் எதுவும் கலைமதியை அவ்வளவு வாட்டவில்லை. வாட்டியது வேறு. இந்த ஒரு வருடத்தில் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போடமுடியாமல் காலையில் திணறும்போது அவள் ஓடிப்போய் நிற்பாள். "இரு, வருது" என்று சிரிப்பான். "அன்னிக்கே நான் மாத்தியிருந்தா" என்று அவள் ஆரம்பித்தால், "இந்தா, சத்யாவுக்கு பஸ்ஸு வந்துரும்" என்று எழுந்துவிடுவான். அடுத்த வீட்டுக்காரர்கள் அவனைப் போல ஒரு மனுசன் உண்டா என்றார்கள். அவள் அம்மா, கும்பிட்டு வாங்கின மாப்பிள்ளை என்றாள். கலைமதிக்கு அவனிடம் கேட்பதற்கு ஒன்று இருந்தது. சோறு போடும்போது, விளக்கை அணைக்கும்போது, பேருந்தில் அவன் தோளோடு ஒட்டி உட்கார்ந்து போகும்போது அது நாக்கு நுனிவரை வரும். கேட்டால் அவனுக்கு இன்னும் வலிக்குமோ என்று விழுங்கிவிடுவாள்.

அந்தக் கலவரத்துக்குப் பிறகு பெரிய டாக்டர் பழனிச்சாமி, மருத்துவமனையின் முதலாளி, ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். "ஓடுறத ஓடவிடும்மா. அதத் தொடாத." வருடம் முழுவதும் அது பதினான்கு முறை நின்றது. பதினான்கு முறையும் அவள் தட்டி எழுப்பினாள். மார்கழியில் மென்பொருள் கம்பெனியிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது. தை முடிந்தால் பழைய வெர்ஷனுக்கு எந்த உதவியும் கிடையாது, போனில்கூட. டாக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நாள நீயே சொல்லு. நான் சொல்லி ஏதாச்சும் ஆச்சுன்னா இன்னொரு வாட்டி எனக்குத் தாங்காது."

தனக்குத் தாங்குமா என்று கலைமதி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தினசரிக் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இந்த மாவட்டத்தில் தையிலிருந்து வைகாசிவரை ஏதாவது ஓர் ஊரில் வாடிவாசல் திறக்காத வாரம் கிடையாது. அனுமதி வருவதும் தள்ளிப்போவதும் முந்தின நாள் சாயங்காலம்வரை யாருக்கும் தெரியாது. ஊர்க்காரர்கள் எந்த நாளைத் தொடமாட்டார்கள் என்று யோசித்துத் தாளைப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. தை பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. மூலையில் சின்னதாக, கரிநாள்.

"கரிநாள்லயா?" என்றார் டாக்டர். "அன்னிக்கு ஊசி போட்டுக்கக்கூட யோசிப்பாங்கம்மா நம்மாளுக."

"அதுக்குத்தான் சார். பொங்கல விட்டா மத்த கரிநாள்ல யாரும் மாடு அவுக்க மாட்டாங்க. சிசேரியனுக்கு நாள் குறிக்க மாட்டாங்க. கல்யாணம் கெடையாது, அதனால கல்யாணத்துக்குப் போற வேனும் கவுறாது."

டாக்டர் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். "எல்லாரும் நல்ல நேரம் பாப்பாங்க. நீ கெட்ட நேரம் பாத்து வேல செய்யுற மொத ஆளு."

அன்று இரவு ரகுநாத்திடமும் கேட்டாள். "இந்தத் தேதி சரியா வருமாங்க? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க." அவன் இடது கையால் மோரை ஊற்றிக்கொண்டே, "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றான். சரியாக இருக்காது என்று ஒரு சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். இந்த முறை ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழக்கூடாது, முக்கியமாக இந்த மனுசனுக்கு. அது ஒன்றைத்தான் அவள் அன்றிலிருந்து வேண்டிக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லாத் திரைகளையும் அணைத்தாள். வார்டு வாரியாகக் கார்பன் நோட்டுகளை முந்தின நாளே கொடுத்திருந்தாள். சீட்டு இல்லாவிட்டாலும் நோட்டில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் ரத்தப் பையை எடுக்கலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கியிருந்தாள். போன வருடம் கற்றுக்கொண்டது அது. எட்டரைக்குள் பேக்கப் முடிந்தது. பிறகு பழைய தகவல்களைப் புது வெர்ஷனுக்கு ஒவ்வொரு பட்டியலாக மாற்றும் வேலை ஆரம்பித்தது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பட்டியல்கள். திரையில் எண் நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வராந்தாவே வெறிச்சோடிக் கிடந்தது. ஐம்பத்திரண்டு உள்நோயாளிகள், புதிதாக வந்தது ஒரு வயிற்றுப்போக்கு மட்டும். வாட்ச்மேன் வீரய்யா நாற்காலியைப் படியில் போட்டுத் தூங்கினார். ரகுநாத் டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

"எத்தனையாவது ஓடுது?"

"நூத்திப்பத்து."

"வேகமாத்தான் போகுது. கரிநாளு கைகுடுத்துருச்சு போ."

பத்தே கால் மணிக்கு முதல் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. யாரோ மாரடைப்பு என்று நினைத்தாள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது. பிறகு ஹாரனை அமுக்கியபடியே ஒரு மினி வேன். வீரய்யா மூச்சிரைக்க வந்து கதவைத் தட்டினார்.

"மாடு குத்துன கேசும்மா. செங்காட்டுவிடுதியில அவுத்திருக்காங்க. பின்னால இன்னும் நாலு வண்டி வருதாம்."

"இன்னிக்குக் கரிநாளுண்ணே."

"அவங்களுக்கு ஏதும்மா கரிநாளு? வேதக்கார ஊருல்ல. மாதா கோயில் திருவிழா மாடு."

அப்போதுதான் கலைமதிக்கு உறைத்தது. வரவேற்பில் கம்ப்யூட்டரில் பதிகிறவர்களுக்கு லீவு கொடுப்பதும் அவள் பொறுப்புதான்; அங்கே இருக்கும் ஷர்லி வெள்ளிக்கிழமைதான் கேட்டு வந்து நின்றாள். "ஊர்ல மாதா கோயில் திருவிழாக்கா, ஞாயித்துக்கெழம மட்டும்." "நல்லா கும்பிட்டுட்டு வா, எனக்கும் சேத்து" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் இவள்தான். ஷர்லியின் ஊர் செங்காட்டுவிடுதி என்று தெரியும். அந்த ஊர் மாடு பேர்போனது என்றும் தெரியும். காலண்டர் தாளின் மூலையில் இருந்த எழுத்தை எல்லா ஊருக்கும் சேர்த்து எழுதியதாக நினைத்துவிட்டாள். அவள் வளர்ந்த வீட்டில் அது எல்லாருக்கும்தான்.

கதவின் குறுகலான கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எதிரே லேப். அதைத் தாண்டி அவசரப் பிரிவு. ஒருவனை வேட்டியில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயிற்றில் வைத்துக் கட்டிய துண்டை அவனே இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தான். துண்டு உள்ளிருந்து அசைந்தது. அடுத்தவனுக்குக் கன்னம் உதடுவரை கிழிந்து, பல் வரிசை வெளியே தெரிந்தது. அவன் அழவில்லை, போனில் யாருக்கோ, "ஒண்ணுமில்லம்மா, செராய்ப்புத்தான்" என்று குழறிக்கொண்டு போனான். மூன்றாவதாக வந்தவன் கவியரசன். அவன் பெயரைச் சொல்லித்தான் ஒரு கூட்டமே ஓடி வந்தது. கொம்பு தொடையில் ஏறி மேல்நோக்கிக் கிழித்திருந்தது. ஸ்ட்ரெச்சரிலிருந்து ரத்தம் சொட்டவில்லை, கொட்டியது. வெள்ளைத் தரையில் சக்கரம் போன வழியெல்லாம் இரண்டு சிவப்புக் கோடு. கூட ஓடிய ஒருவர் அதில் வழுக்கி விழுந்து, எழுந்து, அதே வேகத்தில் ஓடினார். அவனுடைய தாய்மாமன் சேவுகன் அவர்.

இன்டர்காம் அடித்தது. டாக்டர்.

"நிறுத்தும்மா. பழசையே திரும்பப் போடு."

திரையில் இருநூற்று அறுபத்தெட்டு. "நடுவுல நிறுத்துனா அது பழசும் இல்ல புதுசும் இல்ல சார். பேக்கப்ப திரும்ப ஏத்த ரெண்டு மணி நேரம் ஆகும். ஓட விட்டா ஒண்ணேகால் மணி நேரத்துல முடிஞ்சுரும்."

அந்தப் பக்கம் யாரோ வலியில் ஊளையிடும் சத்தம். "அப்ப எது செய்யலாங்கிற?"

போன வருடம் அடுப்படி வாசலில் சொன்ன மாதிரி, இப்போதும் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. "ஓடட்டும் சார்."

"சரி. கதவ உள்பக்கமா பூட்டிக்க."

பூட்டிவிட்டு உட்கார்ந்தாள். வெளியே என்ன நடக்கிறதென்று குரல்களிலிருந்தே தெரிந்தது. லேப்பில் அன்று டியூட்டி ஹரிணி, ரகுநாத்தின் இடத்துக்கு வந்த பெண். கவியரசனின் ரத்தத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருக்கும் ரத்தம் அவன் ரத்தத்தோடு சேருமா என்று சோதித்துத்தான் ஏற்ற முடியும். அதைக் கம்ப்யூட்டர் இருந்தாலும் அவசரப்படுத்த முடியாது. அது சேவுகனுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வரவேற்பில் எல்லாத் திரையும் கறுப்பாக இருக்கிறது, யாரோ ஒருவன் இடது கையால் நோட்டில் கோணல்மாணலாக எழுதிக்கொண்டிருக்கிறான் என்பதுதான்.

"போன வருசமும் இதே ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டரு படுத்துத்தான் ஒரு புள்ள செத்தான்" என்றது ஒரு குரல்.

"இப்ப படுக்கலயாம் மாமா. இவங்யளே நிப்பாட்டி வச்சிருக்காங்யளாம். புதுசு மாத்துறாங்யளாம்."

"உசுரு போகயில என்னடா மாத்துறாங்ய? எந்த ரூமு? இழுத்துப் போடுங்கடா வெளிய."

காலடிகள் திரும்பின. கலைமதி எழுந்து கண்ணாடிக்கு வந்தாள். கதவுக்கு முதுகைக் காட்டியபடி ரகுநாத் நின்றுகொண்டிருந்தான். எப்போது மேசையை விட்டு எழுந்து வந்தான் என்று தெரியவில்லை. அவன் சட்டைக் காலரின் மடிப்பு சரியாக இல்லாதது, அந்த நேரத்திலும் அவள் கண்ணில் பட்டது. அவனுக்கு எதிரே ஏழெட்டுப் பேர். சேவுகன் கையில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்பு ஸ்டாண்டு.

"கதவத் தொறக்கச் சொல்லு."

"அண்ணே, ரத்தம் அந்தா அந்த லேப்லேர்ந்துதான் போகும். இந்த ரூமுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. இன்னும் அஞ்சு நிமிசம்."

"நீ யாருடா நிமிசம் சொல்ல? கையி என்ன கோழிக்காலு மாதிரி கோணிக்கிட்டு நிக்குது."

"இதே மாதிரி போன வருசமும் ஒருத்தரு கேக்க வந்தாருண்ணே. அவரு பாத்த வேலதான்."

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புத்தான் சேவுகனைத் தூண்டியது. ஸ்டாண்டு இறங்கியது. முதல் அடி தோளில். ரகுநாத் சரிந்து கதவில் மோத, கதவு அதிர்ந்தது. இரண்டாவது அடி புருவத்துக்கு மேல். கண்ணாடியில் ரத்தம் ஒரு விசிறலாகத் தெறித்தது. பக்கத்தில் நின்ற இருவர் அவன் வயிற்றில் உதைத்தார்கள். ஒருவன் அந்த மடங்காத கையைப் பிடித்துப் பின்னால் முறுக்கினான்.

கலைமதியின் கை தாழ்ப்பாளில் இருந்தது. எப்போது அங்கே போனதென்று அவளுக்கே தெரியாது. இழுத்தால் போதும். இழுத்தால் அவர்கள் உள்ளே வருவார்கள். பாதி மாறிய நிலையில் சர்வரையும், பக்கத்திலேயே இருக்கும் பேக்கப்பையும் உடைப்பார்கள். மேல்மாடியில் இருக்கும் ஐம்பத்திரண்டு பேருக்கு எந்த மருந்து, யாருக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, எல்லாம் போகும். இழுக்காவிட்டால் அவள் புருஷனை அவள் கண் முன்னால் அடிப்பார்கள். எத்தனை பேருக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுத் தீர்க்கிற விஷயமா அது. தாழ்ப்பாளை அரை அங்குலம் இழுத்தாள்.

அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். ரகுநாத் திரும்பினான். ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. இன்னொரு கண்ணால் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, தலையை ஆட்டினான். வேண்டாம். உதடு அசைந்தது. ஒக்காரு.

அவள் உட்கார்ந்தாள். கதவுக்கு முதுகைக் காட்டி, திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். முந்நூற்று நான்கு. பின்னால் ஒரு அடி. அவள் உதட்டைக் கடித்ததில் வாயில் உப்புக் கரித்தது. முந்நூற்று ஐந்து. எதுவோ உடைந்தது. எலும்பா கண்ணாடியா என்று பிரித்துக் கேட்க அவள் காது துணியவில்லை. முந்நூற்று ஆறில் எண் நகராமல் நின்றது. அது பெரிய பட்டியல், பத்து வருடத்து லேப் முடிவுகள், பெரும்பாலும் ரகுநாத் பதிந்தவை. "போயேன், போய்த்தொலையேன்" என்று திரையைக் கையால் அடித்தாள்.

அப்போது வெளியே ஹரிணியின் குரல் கிளம்பியது. சின்னப் பெண்ணுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். "கவியரசன் ஆளுங்க யாரு? ரத்தம் ரெடி, வழியில நிக்காதீங்க." இரண்டு கையாலும் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நடந்தாள். அடித்துக்கொண்டிருந்தவர்கள், கரகத்துக்கு ஒதுங்குவது போல ஒதுங்கினார்கள். ஆம்புலன்ஸோடு வந்த இரண்டு போலீஸ்காரர்கள் அந்த இடைவெளியில் புகுந்து சேவுகனின் கழுத்தைப் பிடித்தார்கள்.

எண் முந்நூற்று ஏழுக்கு நகர்ந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு முடிந்தபோது மணி பதினொன்று நாற்பது. அவள் உடனே எழுந்துவிடவில்லை. ஐந்து நோயாளிகளின் எண்ணைப் போட்டு, ரத்த வகை, மருந்து, படுக்கை சரியாக வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வேண்டுமென்றே ஒரே நேரத்தில் ஐம்பது பதிவுகளை விட்டுப் பார்த்தாள். நிற்கவில்லை. பழைய வெர்ஷன் மூச்சுத் திணறுகிற இடத்தை, புதியது ஒன்றுமே நடக்காத மாதிரி தாண்டிப் போனது. இது ஒரு வருடத்துக்கு முன்பே இவ்வளவு சுலபமாக நடந்திருக்கும். வார்டுகளுக்குப் போன் செய்து திரைகளைப் போடச் சொன்னாள். பிறகுதான் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவுக்கு வெளியே தரையில், யாரோ துடைக்க ஆரம்பித்து நடுவில் கூப்பிட்டதால் விட்டுப்போன ரத்தம்.

அவசரப் பிரிவின் கடைசிப் படுக்கையில் ரகுநாத் உட்கார்ந்திருந்தான். டியூட்டி டாக்டர், சின்னப் பையன், அவன் புருவத்தில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துப் படுக்கையில், கட்டிலோடு ஒரு கையில் விலங்கு மாட்டி, இன்னொரு கையை நீட்டிப் படுத்திருந்தார் சேவுகன். ஹரிணி அவரிடமிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே தியேட்டரில் கவியரசனுக்கு நான்காவது பை ஏறிக்கொண்டிருந்தது. பிழைப்பான் என்றும் சொல்லவில்லை, மாட்டான் என்றும் சொல்லவில்லை. அவன் ரத்த வகை கிடைப்பது கஷ்டம். தாய்மாமனுக்கும் அதே வகை. ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே போலீஸ்காரர்களிடம் கெஞ்சியிருக்கிறார்.

சேவுகன் மேலே பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். "எம்புட்டு வேணுமோ எடுத்துக்கங்க தாயி. தம்பி, ஒங்கள அடிச்ச கையிலேர்ந்தே எடுக்கச் சொல்லிருக்கேன் தம்பி."

"எந்தக் கையா இருந்தா என்னண்ணே. கைய மடக்காதீங்க, ரத்தம் நின்னுரும்" என்றான் ரகுநாத். "ஹரிணி, கொஞ்சம் மேல குத்தியிருக்கலாம், அங்கதான் நரம்பு நேரா போகும். விடுங்கண்ணே, பதட்டத்துல செஞ்சதுதான். நடந்தது நடந்துபோச்சு. தண்ணி குடிக்கிறீங்களா?"

கலைமதி திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றாள். அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். மேடு பள்ளம் இல்லாத, சுடாத, எவரையும் காயப்படுத்தாத குரல். ஒரு வருடமாக அவள் வீட்டில் அடுப்படியிலும் கூடத்திலும் கேட்டுக்கொண்டிருந்த குரல். பதினொரு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு ஒன்று, இரும்பைத் தூக்கி அடித்த வழிப்போக்கனுக்கு ஒன்று என்று அவன் வைத்திருக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே குரல்தான்.

ரகுநாத் அவளைப் பார்த்துவிட்டான். வீங்கிய உதட்டால் சிரிக்க முயன்றான்.

"எல்லாம் சரியா ஏறிருச்சா? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல நீ. கேன்டீன்ல இட்லி இருக்கும், போயி..."

"நான் நாள் குறிச்சேன்" என்றாள் கலைமதி. "போன வருசமும் நான்தான் குறிச்சேன். இந்த வருசமும் நான்தான். ஷர்லி லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஒங்கள அடிக்கயில கதவத் தொறக்காம ஒக்காந்திருந்ததும் நான்தான்."

"நான்தான ஒக்காரச் சொன்னேன். விடு, இங்க வந்து..."

"விடமாட்டேன்."

குரல் அந்தப் பிரிவு முழுக்கக் கேட்டது. ஹரிணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கிழிந்த கன்னத்தோடு படுத்திருந்தவன்கூடத் திரும்பினான். டியூட்டி டாக்டரின் கையில் ஊசி பாதியில் நின்றது. அதிலிருந்து கறுப்பு நூல், ரகுநாத்தின் புருவத்துக்கும் காற்றுக்கும் நடுவே விறைப்பாக நீண்டிருந்தது.

கலைமதி அவனுக்குப் பக்கத்தில் போய் நின்று, அந்த மடங்காத விரல்களை முதன்முறையாக இறுக்கிப் பிடித்தாள்.

"ஒரே ஒரு தடவ என்னைய வைஞ்சிருங்க. எல்லாருக்கும் சொல்றத எனக்கும் சொல்லாதீங்க. ஒன்னாலதான்டி எங் கை போச்சுன்னு, வாயத் தொறந்து, ஒரு தடவ சொல்லிருங்க."